நாற்பது

கடிதம் என் பெயருக்குத்தான் வந்தது.
கார் என் பெயரில்.
வாங்கிய வருடம் இவருடைய கிரெடிட் சரியில்லை.

உள்ளே இரண்டு படம், கறுப்பு வெள்ளையில்,
எங்கள் காரின் முதுகு.
மளிகைக்கடை வாசலில் பட்ட நெளிவு,
நிதுஷா ஒட்டிய நீச்சல் கழக ஸ்டிக்கர்,
எல்லாம் தெளிவு.
ஓட்டியவரின் முகம் மட்டும் இல்லை.
முகம் தேவையில்லையாம்.
சட்டம் உடைமையாளரைத்தான் கேட்கும்.

நாற்பதில் ஐம்பத்தேழு.
பள்ளிக்கூட வலயம். ஏஜாக்ஸ், ஏரிக்குப் போகும் தெரு.
செவ்வாய்க்கிழமை, காலை பத்து நாற்பத்திரண்டு.

செவ்வாய் பத்து நாற்பத்திரண்டுக்கு
இந்தக் கார் ஒஷாவாவில் நிற்கவேண்டும்,
கதவுப் பிடி வார்க்கும் தொழிற்சாலையின் பின்வளவில்,
ஏழு மணிக்கு இவர் விட்ட இடத்தில்.

கமராவின் மணிக்கூடு பிழை என்று முடிவெடுத்தேன்.
கம்பத்தில் தொங்குகிற மணிக்கூடு,
மழையும் பனியும் பட்டது, பிசகாதா?
தவணை முடிய மூன்று நாள் இருக்கையில்
தொலைபேசியில் வாதாட நேரம் எடுத்தேன்.
இவருக்குச் சொல்லவில்லை.
ஏன் என்று அப்போது யோசிக்கவும் இல்லை.

பல் ஆய்வுகூடத்தில் தேநீர் இடைவேளை.
சாந்து காய்ந்த கையுறை ஒன்றை மட்டும் கழற்றிவிட்டு
சோடா இயந்திரத்தின் இரைச்சலுக்குப் பக்கத்தில் நின்றேன்.

அந்தப் பக்கம் டெலோரெஸ் என்று ஓர் அலுவலர்,
தடிமன் பிடித்த குரல்.
மணிக்கூட்டுக்குச் சோதனைச் சான்றிதழ் இருக்கிறதென்றாள்.
இரண்டாவது படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள் என்றாள்.
பார்த்தேன்.
பின் கண்ணாடியோடு ஒட்டியபடி
சாப்பாட்டுப் பை.
காலை ஐந்தரைக்கு நான் கட்டிக் கொடுத்தது,
புட்டும் கத்தரிக்காய்ப் பொரியலும்,
ஐம்பத்தேழில்
ஏரி பார்க்கப் போகிறது.

பிறகு மற்றதெல்லாம் தாமாக வந்து வரிசையில் நின்றன.
சம்பளத் துண்டைப் பிரிண்டர் விழுங்கிவிட்டதென்ற கதை.
இரும்புமூக்குச் சப்பாத்தில் ஒரு கீறலும் கூடாதது.
நித்திரையில் பல் நெறுமுகிற சத்தம்;
பல்லோடு வேலைசெய்கிறவள் நான்,
அதைக்கூடக் குளிர் என்று நினைத்திருக்கிறேன்.

மேடம், இருக்கிறீர்களா?
இருக்கிறேன்.
அபராதத்தைக் குறைக்க ஒரு வழி உண்டு,
வீட்டில் பணக் கஷ்டம் ஏதும்?

என் வாய் ஆங்கிலத்தில் சொன்னது,
என் காது அதை அப்போதுதான் முதல்முறை கேட்டது:
என் கணவருக்கு வேலை இல்லை.

தமிழில் கேட்டிருந்தால் சொல்லியிருக்கமாட்டேன்.
ஆங்கிலத்தில் அது ஒரு விவரம்,
படிவத்தில் நிரப்புகிற இடம்.
எப்போதிலிருந்து, என்றாள் டெலோரெஸ்.
எப்போதிலிருந்து.
படத்தில் ஒரு திகதி இருந்தது.
அதைச் சொன்னேன்.

விசை தட்டும் சத்தம். மூக்குறிஞ்சும் சத்தம்.
பாதியாகக் குறைத்தாள்.
கட்ட அறுபது நாள் தந்தாள்.
எல்லாம் சரிவரும் என்றும் சொன்னாள்,
அது அவளுடைய படிவத்தில் இருந்திராது.
அறுபது நாளும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.
அங்கேயே நின்று அட்டை எண்ணைச் சொல்லிக் கட்டினேன்,
ஒரு இலக்கம் பிழைத்து, திரும்பவும் முதலில் இருந்து.

நாலு பத்துக்கு, வழமைபோல, கராஜ் கதவு ஏறியது.
சப்பாத்தைக் கழற்றினார். கைகழுவினார்.
இண்டைக்கு லைனிலை சரியான வேலை, என்றார்,
நான் கேளாமலே.
சாப்பாட்டுப் பையைத் திறந்தேன்.
பெட்டி கழுவியிருந்தது.
தொழிற்சாலையில் சோப்பு இல்லையென்று
பதினொரு வருடம் கழுவாமல் கொண்டுவந்த பெட்டி.
மூடியின் விளிம்பில் பருக்கைபோல
நாலைந்து மணல்.

அந்தப் பள்ளிக்கூடத்தடியிலை நாற்பதுதான், என்றேன்.
கமரா வைச்சிருக்கிறாங்கள்.

துவாயில் கையைத் துடைத்தார்.
காய்ந்த பிறகும் துடைத்தார்.
வெளியே யாரோ புல் வெட்டும் இயந்திரத்தை
இழுத்து இழுத்துப் பார்த்தார்கள், பற்றவில்லை.

எவ்வளவு, என்றார்.

கட்டியாச்சு.