சரிங்

தாராபுரம் ரோட்டுக் கம்பெனியில்
கட்டிங் மாஸ்டர் தெய்வசிகாமணி
என்னிடம் ஒரு நாளும் 'ங்' போட்டதில்லை.

"ஏழாம் லாட்டுல ஓட்டைங்க, மாத்திக் குடுங்க" என்பேன்.
"சரி" என்பார்.
கத்தியால் நறுக்கியது போல ஒரு சரி.
கடன் கேட்டு வந்தவனைக்கூட
"நாளைக்கு வாங்" என்று அனுப்புகிற ஊரில்.

நான் செக்கிங். குறை தேடுவது என் சம்பளம்.
ஊசி ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல்,
எதைக் கண்டாலும்
நகம் அளவுச் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை
அதன் மூக்கருகே ஒட்டுவேன்.
பன்னிரண்டு வருசமாக
விரல் நுனியில் பசை போகவே இல்லை.
அவர்மேலும் ஒன்று ஒட்டினேன், சத்தமில்லாமல்.

பிறகு எல்லாம் தானாக
அம்புக்கு நேராக வந்து நின்றன.
பதினோரு மணி டீக்கு அவர் வராதது.
திருப்பி அனுப்பிய பீஸை முகம் பார்க்காமல் வாங்கியது.
ஆயுதபூஜைப் பொரி
எங்கள் டேபிளுக்குக் கடைசியாக வந்தது,
அதுவும் பாதிப் பொட்டலம்.
பொம்பளை சொல்லி நான் கேட்பதா என்கிற திமிர்.
தீர்ப்பு எழுதி மை காய்ந்துவிட்டது.

பேக்கிங் அமுதவல்லி ஒரு நாள் சொன்னாள்,
"பாவம்க்கா, சம்சாரம் போனதுல இருந்து அப்படித்தான்."
உடனே அந்த அம்பை உரித்தேன்.
அதே இடத்தில் வேறொன்றை ஒட்டினேன், கொஞ்சம் பெரியது.
ஒரு வாரம்
ஆஸ்பத்திரிக் குரலில்
"ஒண்ணும் அவசரமில்லீங்க" என்றேன்.
ஷிப்மென்ட்டுக்கு அவசரம்தான்.
லாட் இரண்டு நாள் தள்ளிப்போனது,
மேனேஜரிடம் திட்டு வாங்கினேன்,
அதையும் அவர் கணக்கில் எழுதினேன்.

ஆடிக் காத்து
பாலக்காட்டுக் கணவாயிலிருந்து வந்து
கூரைத் தகரத்தைப் பிறாண்டிய மத்தியானம்
கரண்ட் போனது.
ஜெனரேட்டர் பிடிக்கவில்லை.
எக்ஸாஸ்ட் ஃபேன் நின்றது.
கட்டிங் மெஷின் நின்றது.
முப்பது பவர் டேபிளும் நின்ற பிறகு
என் காதுக்குள் ஏதோ ஒன்று கடைசியாக நின்றது.
பழக்கத்தில் கத்தினேன்,
"கழுத்துப் பட்டி ஒரு நூல் கம்மிங்க!"

"சரிங்."

அந்தக் கடைசி எழுத்து
மூக்குக்குள் பிறந்து
மூக்குக்குள்ளேயே குடியிருப்பது.
அதைத்தான் அந்த ஃபேன்
தினமும் தின்றுகொண்டிருந்தது.

"எப்பவும் இப்படித்தான் சொல்லுவீங்களா?"
கேட்கும்போதே கூச்சமாக இருந்தது.
"எப்படிங்?" என்றார்.

இருட்டு கொடுத்த தைரியத்தில் டீயைப் பற்றியும் கேட்டேன்.
"குடிச்சா நெஞ்செரியுதுங். வேறொண்ணுமில்லீங்."
சம்சாரம்?
"மக பிரசவத்துக்குக் காங்கேயம் போயிருக்குதுங்.
அடுத்த மாசம் வந்துருமுங்."

பிறகு அவர், துணிக் கட்டை நகர்த்தியபடி:
"நானும் ஒண்ணு நெனச்சுட்டிருந்தனுங்.
எம்பட பீஸத் தொட்டாலே பல்லக் கடிக்கறீங்.
அத்தன கோவமான்னு."

கடைவாய்ப் பல். சொத்தை.
பிடுங்குவதற்கு லீவு கிடைக்கவில்லை.

இருவரும் சிரித்தோம் என்று எழுத ஆசைதான்.
அதற்குள் ஜெனரேட்டர் பிடித்துக்கொண்டது.
வாய்கள் அசைந்தன. ஒன்றும் கேட்கவில்லை.

கழுத்துப் பட்டி மறுநாளும் ஒரு நூல் கம்மியாகவே வந்தது.
அம்பு ஒட்டினேன், சண்டையும் போட்டேன்.
ஆனால் எழுந்து
ஃபேனைத் தாண்டி
அவர் மேசை வரை போய்ப் போட்டேன்.
இருபத்திரண்டு எட்டு.

இந்த வாரம் பட்டன் செக்‌ஷனுக்குப் புதிதாக
ஒடிசாக்காரப் பெண் ஒருத்தி வந்திருக்கிறாள்.
காலையில் சிரித்தால்
முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.
பார், என் கை
தானாக ஸ்டிக்கர் ரோலைத் தேடுகிறது.

எழுந்திருக்கிறேன்.
அவள் மேசை எத்தனை எட்டு என்று
இன்னும் தெரியாது.