சாய்தட்டு

புத்தி இருந்திருந்தால் வாங்கியிருக்க மாட்டேன்.
இரண்டாயிரத்து ஆறு, மாசி.
முதலாம் குறுக்குத் தெருவில்
கல்குலேற்றர் திருத்தும் கடையின் மேல்மாடியில்
யாரோ கொண்டுவந்து கைவிட்ட பெட்டி.
உள்ளே ஒரு சின்ன ஹெலி. விலை,
என் ஒன்றரை மாதச் சம்பளம்.

சேர்வோ மூன்று, வேலையும் மூன்று.
ஒன்று தட்டை ஏற்றி இறக்கும்.
ஒன்று மூக்கைக் குனிய வைக்கும்.
மற்றது இடம் வலம் சாய்க்கும்.
ஒருவர் வேலையில் ஒருவர் கைவைப்பதில்லை.
நடுவே நெம்புகோல், முழங்கை, தள்ளுகம்பி,
கல்யாணத் தரகர் மாதிரி
இவர் சொன்னதை அவர் காதில் போட்டுப் போட்டு
கடைசியில் தட்டு ஒரு கோணத்துக்குச் சம்மதிக்கும்.

எண்ணினேன்: இருபத்திரண்டு பந்துமூட்டு.
ஒவ்வொன்றிலும் மயிரிழை ஆட்டம்.
வெள்ளவத்தைக் கடற்காற்று ஆணியைத் தின்கிற வேகத்தில்
இருபத்திரண்டு மயிரிழையும் சேர்ந்து
கயிறாய்த் திரிந்தன.

இதெல்லாம் மேசையில் கண்டது.
என் பெயரோடும் என் அடையாள அட்டையோடும்
அன்ரனா நீட்டிய பெட்டியைக் கையில் பிடித்து
அந்த வருசங்களில் எந்த வெளியில் போய் நிற்பது?

வீடு மாறிய அன்று
கிருலப்பனையில் ஓட்டோவை மறித்தார்கள்.
மூடி திறந்தது.
"மே மொக்கத?"
என் சிங்களம் கந்தோருக்குப் போதும்,
சாய்தட்டுக்குப் போதாது.
விரலால் ஒரு நெம்புகோலைத் தள்ளினேன். தட்டு ஏறியது.
அடுத்ததைத் தள்ளினேன். குனிந்தது.
துவக்கை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டு
அவனும் ஒரு விரல் வைத்தான்.
எதைத் தள்ளினால் எது அசையும்,
அது போய் எதை அசைக்கும்,
எல்லாம் வெளியில், கண்முன்னால்.
ஐந்தாறு தரம் தள்ளினான். சிரித்தான். என் வயதுதான்.
பிறகு கொப்பியில் என் பெயரை எழுதினான், பிழையாக.
ரேடியோவை வைத்துக்கொண்டார்கள்.
பதினொரு நாளில் திரும்பி வந்தது,
பற்றரி இல்லாமல்.

இப்போது பறக்க விடுவது மற்ற வகை.
கொலன்னாவையில், சதுப்பை நிரப்பிய வெளி,
ஞாயிறு காலை, மாடு மேயுமுன்.
தட்டைச் சுற்றி நூற்றிருபது பாகைக்கு ஒன்றாய்
மூன்று சேர்வோ நேரே பிடித்திருக்கும்.
தரகர் இல்லை.
ஏறவேண்டுமா, மூன்றும் ஏறும்.
குனியவேண்டுமா,
பின்னது ஏற முன்னிரண்டும் பாதி இறங்கும்.
கணக்கு முழுக்க ரேடியோவின் வயிற்றில்.

"ஆறு மூட்டுத்தான், எண்ணிப் பாருங்க" என்பான் இம்தாத்.
"பாரத்தையும் மூணு பேர் பங்கு போடுறாங்க."
ஒன்று செத்தால் மூன்று வேலையும் சாகும் என்பேன்.
பழையதில் சாய்க்கிறவன் செத்தாலும்
ஏற்றுகிறவன் இருப்பான், மரியாதையாய் விழலாம்.
"விழுறதுக்கா வாங்கினீங்க?"

நியாயம்.

போன மாதம் பின்சேர்வோ எரிந்தது.
மலிவாய் ஒன்று போட்டேன், ஆயிரத்தெண்ணூறு ரூபா.
மேசையில் எல்லாம் நேர். அடிமட்டம் வைத்தாலும் நேர்.
வெளியில் சடாரென்று ஏற்றியபோது
பின்னது கண்ணிமைப்பில் பாதி பிந்தியது.
ஹெலி ஏறியது,
ஏறிக்கொண்டே ஓரடி பின்வாங்கியது.
பின்னால் போ என்று யாரும் சொல்லவில்லை.
நான் சொல்லவில்லை. ரேடியோவும் சொல்லவில்லை.
மூன்று சேர்வோவும் சொன்னதைத்தான் செய்தன,
ஒரே நேரத்தில் அல்ல.
இதை ஒருவனுக்கு
விரல் வைத்துக் காட்டு என்றால்
எங்கே வைப்பது?

இறக்கிவிட்டுக் குந்தியிருந்தோம்.
களனி ஆற்றுப் பக்கமிருந்து
நிசமான ஹெலி ஒன்று தாழப் பறந்து வந்தது.
இம்தாத் நெற்றியில் கைவைத்து நிமிர்ந்து பார்த்தான்.
"அதுல எந்த மாதிரி? நெம்புகோலா, கணக்கா?"
தெரியாது என்றேன்.
கீழே நின்று பார்த்தால் தெரியாது.

சத்தம் போன பிறகுதான் கண்டேன்:
ரேடியோவைப் புல்லில் தள்ளி வைத்திருக்கிறேன்.
இரண்டு கையும்
வெளியில், கண்முன்னால்.