காரணம் எழுதும் கட்டம்

ரெய்ன்ஸ்பர்க் ஏலக்கூடத்தில்
விலை ஏறுவதில்லை, இறங்குகிறது.
சுவரில் ஆளுயர வட்டம், நூறு விளக்குகள்,
நூறிலிருந்து கீழே ஓடும் ஒரு சிவப்புப் புள்ளி.
முதலில் பொத்தானை அழுத்தியவருக்குப் பூ.
முந்தினால் காசு போச்சு,
பிந்தினால் பூ போச்சு.

தொண்ணூற்றேழின் குளிர்காலம் முழுக்க
விடிவதற்கு முன்பே
யெல்ட்யேவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்,
மடியில் சூடேறும் கணினியோடு.
அவளுக்கு இருபத்தாறு.
எனக்கு ஐம்பத்தெட்டு,
புள்ளியியலில் முனைவர் பட்டம், மூட்டுவலி.
என்னை அமர்த்தியவர் முதலாளி ஸ்லோப்:
"அந்தப் பெண் நாளைக்கே வேறிடம் போய்விடலாம்.
அவள் கட்டைவிரலை மட்டும்
எழுதி வாங்கிக் கொடுங்கள்."

பூ, நிறம், தண்டின் நீளம், வானிலை, விலை.
கடைசிக் கட்டம்: காரணம்.

டியூலிப். முப்பத்தொன்றில் அழுத்தினாள்.
ஏன்?
"இலை கீச்சென்றது. புதுசு."
இவ்வளவு தூரத்திலா கேட்டது?
"இல்லை" என்றாள், யோசித்துவிட்டு.

ஃப்ரீசியா. விட்டுவிட்டாள்.
ஏன்?
"வண்டி தள்ளியவன் முகம் சரியில்லை."
எட்டிப் பார்த்தேன்.
வண்டி சங்கிலியில் தானே ஊர்ந்துகொண்டிருந்தது,
ஆளே இல்லை.

பொய் சொல்பவள் அல்ல.
விரல் முடித்துவிட்ட வியாபாரத்துக்கு
வாய் பின்னால் ஓடிவந்து
ரசீது எழுதுகிறது.

உள்ளுணர்வு என்ற சொல்
அவள் வாயில் வந்ததே இல்லை.
ஸ்லோப் சொல்வார், வாடிக்கையாளர்களுக்கு
ஜின் ஊற்றும்போது.

என் சூத்திரமும் அவள் விரலும்
பத்துக்கு எட்டு முறை ஒரே இடத்தில் நின்றன.
எனக்குப் பெருமை தாங்கவில்லை.
"அந்த எட்டை என் நாய்கூடச் சொல்லும்" என்றாள்.

பிப்ரவரி பன்னிரண்டு.
காதலர் தினத்துக்கு இரண்டு நாள்.
சிவப்பு ரோஜா, நீளத் தண்டு, நாற்பது வாளி.
எண்பத்திரண்டில் எடு என்றது சூத்திரம்.
எண்பது.
எழுபத்தாறு.
அவள் விரல் பொத்தான்மேல் கிடந்தது,
தூங்குகிற பூனை மாதிரி.
எழுபத்தொன்றில் வேறு யாரோ அள்ளிக்கொண்டார்கள்.
"மனசு ஒப்பவில்லை" என்றாள்.
மூன்று மாதத்தில்
நான் நம்பிய முதல் காரணம்.

மறைப்பானேன், நான் காத்திருந்தேன்:
அந்த ரோஜாக்கள் இரவோடிரவாகக் கருகும்,
இவள் ஜெயிப்பாள் என்று.
அவை எதிராளியின் கடைவாசலில்
திமிராக மலர்ந்தன.
ஸ்லோப்பின் எட்டுக் கடைகளிலும் வெறும் வாளி.
அவர் கத்தியதில் கண்ணாடிக்கூரை அதிர்ந்தது,
அல்லது மேலே ஏதோ விமானம் போயிருக்கலாம்.

அன்று மதியம்
பட்டாணி சூப் ஆறிக்கொண்டிருக்க
கோட்டுப்பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தாள்.
அப்படியொன்று இருப்பதே எனக்குத் தெரியாது.
தேதி, பூ, விலை, அப்போது என்ன தோன்றியது.
எல்லாமே சறுக்கியவை.
ஆறு வருடத்துச் சறுக்கல், பொடி எழுத்தில்,
சில பக்கங்களில் தண்ணீர்க்கறை.
சரியாக வந்தவை எங்கே?
"வீட்டு வாடகையாகப் போய்விட்டன."
எழுதினாள்: ரோஜா. மனசு ஒப்பவில்லை. மனசு தவறு.
கீழே ஒரு கோடு.
பிறகு சூப்பைக் குடித்தாள்,
மறுநாள் முதல் வண்டிக்கே அழுத்தினாள்,
நானாக இருந்தால்
ஒரு வாரம் கையைப் பையிலேயே வைத்திருப்பேன்.

அறிக்கையில் கடைசிக் கட்டத்தைக்
காலியாகவே விட்டுக் கொடுத்தேன்.
ஸ்லோப் பாதிச் சம்பளம் தந்தார்.
அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது.

சனிக்கிழமை, லெய்டன் சந்தை, பேரிக்காய்க் குவியல்.
மேலே இருந்த மஞ்சள் அழகியைத் தாண்டி
என் கை தானாக அடியில் நுழைந்து
கோணலான ஒரு பச்சையைப் பிடித்தது.
நான் தடுக்கவில்லை. உள்ளுக்குள் ஒரு குறுகுறுப்புகூட.
வீட்டில் அறுத்தேன்.
பாதி அழுகல்.

நோட்டு ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தேன்.
முதல் பக்கம். தேதி. பேரிக்காய். கை தவறு.
நல்ல பாதியைத் தின்றுகொண்டே எழுதியதால்
அந்தப் பக்கம்
இன்னும் விரலில் லேசாக ஒட்டுகிறது.