0.4 வினாடி

ஊத்தான் மெலிந்தாங் ஆலை
அதிகாலை மூன்று பன்னிரண்டுக்கு நின்றது.
நீராவித் தொட்டியில் செம்பனைக் குலைகள் பாதி வெந்திருந்தன.
பிழிபொறியின் வாயில் நார் தொங்கிக்கொண்டிருந்தது.
லயத்தில் விசிறிகள் ஓய
பிள்ளைகள் ஒன்று மாற்றி ஒன்று
அழத் தொடங்கியிருந்தார்கள்.

மழைச்சட்டையோடு வந்தேன்.
ஆலையின் சார்ஜ்மேன் நான்தான்.
பெண்ணென்றாலும் சார்ஜ்மேன்.
சான்றிதழில் அதற்கு வேறு சொல் இல்லை.

சுவிட்ச் அறையில் கைவிளக்கை அடித்தேன்.
பெரிய பிரேக்கர், இரண்டாயிரம் ஆம்பியர்,
திறந்து கிடந்தது.
அதன் நெற்றியில் உள்ளங்கை அகலத்தில் டிரிப் யூனிட்,
சின்ன பேட்டரியில் உயிரைப் பிடித்துக்கொண்டு
சாட்சி சொல்லக் காத்திருந்தது.

பொத்தானை அழுத்தினேன்.
மூன்று பன்னிரண்டு, ஏழு வினாடி.
மஞ்சள் கட்டம்.
ஏழாயிரத்து நானூறு ஆம்பியர்.
அதற்கு மேல் ஒரு சொல் பேசவில்லை.
நல்ல சாட்சி.

பிழிபொறிப் பலகைக்குப் பின்னால் எலி.
மீசை மட்டும் கருகாமல் இருந்தது,
ஏனென்று தெரியவில்லை.
அதற்கு நேர் மேலே இருக்கிற சின்ன பிரேக்கர்
ஒன்றும் நடக்காததுபோல் மூடியே இருந்தது.
விழ வேண்டியது அதுதான்.

இந்தத் தொழிலின் ஒழுங்கு இவ்வளவே:
நெருப்புக்குப் பக்கத்தில் நிற்பவன்
முதலில் கையை விடவேண்டும்.
அவனுக்கு 0.2 வினாடி.
மேலே நிற்பவன்
மொத்த மின்னோட்டமும் தன் மார்பு வழியே பாய
பொறுக்க வேண்டும், 0.4.
கீழே இருப்பவன் தவறினால்தான்
அவன் முறை.

பெரியதன் குமிழைப் பார்த்தேன்.
பூஜ்யத்தில் நின்றது.
முத்திரைக் கம்பியைக் காணோம்.

போன மாதம் காப்பீட்டுக்காரர் வந்த அன்று
எஞ்சினியர் நல்லரசன்
"எதுக்கும் சேஃப்பா இருக்கட்டும்" என்றார்,
சட்டைப் பையில் ஒரு சின்னத் திருப்புளி.
பயந்தவன் கையில் குமிழைக் கொடுத்தால்
எல்லாவற்றையும் உடனே அணைக்கச் சொல்வான்.
ஓர் எலிக்கு
ஊரே இருண்டுவிடும்.

திருப்பி வைத்தேன். 0.4.
புதுக் கம்பி கட்டினேன்.

அதோடு போயிருக்கலாம்.
மழை விடவில்லை.
எலிக்காக ஜஹாங்கிர் சாக்கு எடுக்கப் போயிருந்தான்.
கிளை பிரேக்கர்களின் பெட்டிகளிலும்
சும்மா பக்கம் தள்ளிக்கொண்டிருந்தேன்.
அவை வெட்ட மட்டும் பிறந்தவை அல்ல,
இரவும் பகலும் எண்ணிக்கொண்டே இருப்பவை.

ஆறாம் எண், லயம், நாற்பத்திரண்டு வீடு:
போன மாதம் ஐயாயிரத்து இருநூற்றறுபது யூனிட்.
ஏழாம் எண், பங்களா, ஒரு வீடு:
ஆறாயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்து.

இரண்டுக்கும் சேர்த்து ஒரே பில்.
சம்பளச் சீட்டில் கடைசிக்கு மேல் வரி,
'மின்சாரம்', தலைக்கு எழுபத்தெட்டு வெள்ளி.
"லயத்து ஆளுங்க விசிறியை எங்க அணைக்கிறாங்க"
என்பார் கிராணி சவரிநாதன்,
கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும்.

நீச்சல் குளத்து மோட்டாரை
நானேதான் இணைத்துக் கொடுத்தேன்,
சித்திரையில்.
அப்போது எனக்கு இது தோன்றவில்லை.

சுருளை ஏற்றினேன். பொத்தான்.
தொம்மென்று மூடியது பெரியது.
தரை ஒருமுறை அதிர்ந்தது.

கிளைகளை ஒவ்வொன்றாய் ஏற்றவேண்டும்.
வழக்கப்படி ஏழு முதலில்.
எங்கும் எழுதியிருக்காத வழக்கம்.

ஆறை ஏற்றினேன்.
மழைக்கு அப்பால்
நாற்பத்திரண்டு சன்னலிலும் ஒரே மூச்சில் வெளிச்சம்.
ஓர் அழுகை நின்றது. இன்னொன்றும்.

அறிக்கைத் தாளில் 'காரணம்' என்று இரண்டு வரி விட்டிருப்பார்கள்.
முதல் வரியில் எலி.
இரண்டாவதில் குமிழ், பூஜ்யம், திருப்புளி.
இடம் போதவில்லை.
தாளைத் திருப்பி, யாரும் கேட்காத
அந்த இரண்டு எண்களை எழுதினேன்,
ஒன்றின் கீழ் ஒன்றாக,
நடுவே கோடு போடாமல்.

ஏழு?
0.4 வினாடி பொறுத்து ஏற்றினேன் என்றால்
பொய்.
ஜஹாங்கிரும் நானும்
தே ஓ குடித்து முடித்துவிட்டு
ஏற்றினோம்.