ஆற அமர

இரவு பதினொன்று ஐம்பது.
கெடிலம் பண்ருட்டிப் பக்கத்து
முந்திரித் தோப்புகளையெல்லாம் கரைத்து
செங்காவிக் குழம்பாக வந்துகொண்டிருக்கிறது.
கலங்கல் மானியில் நானூற்றுப் பத்து.
பதிவேட்டில் எழுதினேன்,
மை தீரப்போகும் பேனாவை அழுத்தி அழுத்தி.

மஞ்சக்குப்பம் வார்டு உறுப்பினர்
மூன்றாவது முறை அழைக்கிறார்.
"சுத்திலும் தண்ணியா நிக்குது சார்,
குழாயில ஒரு சொட்டு இல்ல."
படியணும் சார், என்கிறேன்.
"எது?"
மண்ணு.
"கொஞ்சம் சீக்கிரம் படியச் சொல்லக்கூடாதா?"

ஆய்வகத்தில் ரஹிமுன்னிசா
ஆறு குவளைகளை நிறுத்தியிருக்கிறாள்.
ஆறிலும் ஒரே ஆறு.
படிகாரம் மட்டும் வேறுவேறு அளவில்.
துடுப்புகள் முதலில் வெறிகொண்டு சுழன்றன,
பிறகு தூளி ஆட்டும் வேகத்தில்,
பிறகு நின்றன.
பார்த்துக்கொண்டு உட்கார்ந்தோம்.

தனித்தனி மண்துகளுக்கு
விழுகிற அளவு எடை கிடையாது.
ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு
நாள்கணக்கில் மிதக்கும்,
வரப்புத் தகராறில் பேச்சு நின்ற
பங்காளிகள் போல.
படிகாரம் போய் அந்த முறைப்பை எடுத்துவிடுகிறது.
பக்கத்தில் வருகின்றன. ஒட்டுகின்றன.
பிய்த்த பஞ்சாகத் திரள்கின்றன.
திரண்ட பிறகுதான்
விழவே முடிகிறது.

நான்காவது குவளையின் வழியாக
எதிர்ச்சுவர்க் காலண்டரில்
தேதி தெரிந்தது.
ஆறாவதில் படிகாரம் கூடிப்போய்
மறுபடியும் கலங்கல்.
"இதுக்கு ஆறுதல் ஜாஸ்தியாயிடுச்சு" என்றாள்.
அவள் அத்தா மௌத்தாகி
போன வியாழன் நாற்பது முடிந்தது.
நான் நான்காவதின் அளவைக் குறித்துக்கொண்டேன்.
தேற்றுவது என்ற சொல்லைத்
தண்ணீருக்கும் மனுசருக்கும் சேர்த்து வைத்தவர்கள்
எவ்வளவு என்றும் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்.

வெளியே பெரிய தொட்டி.
ஓடி வந்த வெள்ளம் அகலம் கண்டதும் நடக்கிறது,
இன்னும் அகலத்தில்
நடப்பதே தெரியவில்லை.
நீர் மேலேறுவதைவிடச் சற்று வேகமாக
மண் கீழிறங்கினால் போதும்.
அதற்கு இரண்டரை மணி நேரம்.
டார்ச் அடித்துக் குனிந்தேன்.
மேலே ஒரு சாண் தெளிவு,
அதற்கடியில் ஓசையில்லாமல்
பெய்துகொண்டிருந்தது மண்.

போன வெள்ளத்தில் நான் காத்திருக்கவில்லை.
இதே போன், இதே குரல்,
ஒன்றேகால் மணியில் திறந்துவிட்டேன்.
வண்டிப்பாளையத்தில் மூன்று தெருக்காரர்கள்
குடம் குடமாய் டீ பிடித்தார்கள்.
அந்த மெமோ
என் கோப்பின் அடியில் தங்கியிருக்கிறது,
யாரும் கலக்காதவரை ஒன்றுமில்லை.

போன் அடித்தது. எடுக்கவில்லை.

நாலு மணிக்குக் கலியபெருமாள்
கசடு வால்வைத் திருகினார்.
குழாய் ஒரு ஏப்பம் விட்டது.
பிறகு வந்தது, கேப்பங்கூழ் பதத்தில்,
இரவெல்லாம் தண்ணீர் கைவிட்டது.
நத்தை ஓடுகள். ஒரு பச்சைப் பாசிமணி.
மணியைச் சட்டை முனையில் துடைத்து
வால்வுச் சக்கரத்தின் மேல் வைத்தார்.
"யாராச்சும் தேடுவாங்க" என்றார்,
எந்த ஊரில் என்று சொல்லவில்லை.

தொட்டி விளிம்பின் ரம்பப் பற்களில்
தண்ணீர் வழியத் தொடங்கியிருந்தது.
இனி மணல் பாடு, குளோரின் பாடு.

ஐந்தே முக்காலுக்கு மஞ்சக்குப்பம்.
"தண்ணி வருது சார்."
வரட்டும்.
"ஒரே பிளீச்சிங் நாத்தம்."
மூடாம ஒரு மணி நேரம் வையுங்க, போயிடும்.
"இன்னும் ஒரு மணி நேரமா?"

ரஹிமுன்னிசா ஐந்து குவளைகளைக்
கழுவிக் கவிழ்த்திருந்தாள்.
ஆறாவதை
ஜன்னலோரம் வைத்துவிட்டுப் போயிருந்தாள்,
யாரும் தொடவேண்டாம் என்று
சீட்டு ஒட்டி.