பட்டியலில் இல்லாதது

கலாமாவைத் தாண்டி நாற்பது கிலோமீட்டர்,
மழை என்ற சொல்லுக்கு வேலையில்லாத இடம்.
வடக்கு பார்த்துச் சாய்ந்த இரும்புச் சட்டங்கள்.
சட்டத்துக்குச் சட்டம்
இழுத்துக் கட்டிய ரப்பர் பட்டைகள்:
கதவு விளிம்புக்கு, குழாய் வாய்க்கு,
சூரியத் தகட்டின் ஓரத்துக்கு.
காயப் போட்டிருக்கிறீர்களா என்றார் லாரிக்காரர்.
தின்னப் போட்டிருக்கிறோம், வெயிலுக்கு.

மாதம் ஒருமுறை யாஸ்னா சோக்கே படிப்பாள்.
கழுத்துவரை துணி, கண்ணில் உருப்பெருக்கி.
குறிப்பேட்டோடு பின்னால் நான்.
"ஏழு: மேலே சுண்ணாம்பு பூத்திருக்கிறது.
ஒன்பது: விரிசல், இழுத்த திசைக்குக் குறுக்கே.
பதினொன்று, தொடாதே, ஒட்டும்."

ஒளி முதலில் கைவைப்பது
இரட்டைப் பிணைப்பின் பக்கத்தில்தான் என்பாள்.
ஒரு ஹைட்ரஜன் கழன்றால் போதும்,
காலி இடத்தில் ஆக்சிஜன் வந்து உட்காரும்,
உட்கார்ந்தது
அடுத்த வீட்டுக் கதவையும் தட்டும்.
சங்கிலி அறுந்துகொண்டே போனால் இளகும்.
அறுந்த முனைகள் ஒன்றையொன்று பற்றினால் இறுகும்.
நடுவே ஓரெழுத்துதான் மாறுகிறது.

கறுப்புப் பட்டைகள் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும்.
உள்ளிருக்கும் கரி
ஒளியை வாங்கித் தன்னிடமே வைத்துக்கொள்ளும்.
எங்கே வைத்துக்கொள்கிறது என்று அறிய
நண்பகலில் ஒரு விரல் வைத்துப் பாருங்கள்.

அந்தோஃபகாஸ்தாவிலிருந்து ஓயர்சுன் அழைக்கிறார்:
"எத்தனை வருஷம் தாங்கும்? ஓர் எண் போதும்."
ஆய்வகத்து அடுப்பு
ஆறே வாரத்தில் ஓர் எண் சொல்லிவிட்டது.
அடுப்புக்கு இரவு தெரியாது.
இங்கே பின்னிரவு சுழியத்துக்குக் கீழே இறங்கும்.
பட்டைகள் சுருங்குவதை நான் பார்த்ததில்லை,
தூங்கிக்கொண்டிருப்பேன்.
ஐந்தாம் மாதம் வளைந்த பதினான்கு
ஐம்பதாம் மாதம் வளையவில்லை.

வேலிக்கம்பியில் ஒரு நீச்சல் கண்ணாடி.
குழந்தை அளவு.
கடலோ இருநூறு கிலோமீட்டர் மேற்கே.
நாங்கள் வந்த நாளிலிருந்தே தொங்குகிறது,
யாரும் எடுக்கவில்லை, யாரும் கேட்கவில்லை.
இன்று போகிற போக்கில்
யாஸ்னா அதன் வாரை ஒரு விரலால் இழுத்தாள்,
நெற்றி முடியை ஒதுக்குகிற விசைதான்.
சத்தம்கூட இல்லை. பிஸ்கட் போல.

உடைந்த வாயை என் பக்கம் திருப்பினாள்.
சுற்றிலும் சாம்பல்.
நடுவில், கடுகளவு,
இன்னும் கறுப்பு, இன்னும் மினுக்கம்,
அழுத்தினால் அமுங்கி எழுந்தது.

"எழுது" என்றாள்.
எந்த எண்ணில்?
கையுறையைக் கழற்றிக்கொண்டே யோசித்தாள்.
"எண் வேண்டாம், தேதி போடு.
தொடங்கிய நாள்: தெரியாது.
உடைத்தது: நான்."