பின்னமில்லாத எண்கள்

மண்டல்கோவி தாண்டியதும்
அலைபேசியில் கோடுகள் ஒவ்வொன்றாய் உதிர்ந்தன.
தெமூலென் கவலைப்படவில்லை.
மடிக்கணினிக்குள் இருக்கிறது கோப்பு,
உலகத்து இணைய எண்களுக்கெல்லாம்
ஊர் சொல்லும் கோப்பு.
கம்பி வேண்டாம், கோபுரம் வேண்டாம்.
போன மார்ச்சில் வங்கி காசு கொடுத்து இறக்கி வைத்தது.

எண்ணைக் கொடுத்தால் நடக்கத் தொடங்கும்.
சுழியம் என்றால் இடம், ஒன்று என்றால் வலம்.
மிஞ்சிப் போனால் முப்பத்திரண்டு கவலை
(பிரியும் வழிக்கும் கவலை என்றுதானே பெயர்)
இமைப்பதற்குள் கடந்து
ஏதோ ஓர் ஊரின் வாசலில் போய் நிற்கும்.

ஜீப்புக்கு அந்த வசதி இல்லை.
புல்வெளியில் தடம் ஏழாய்ப் பிரிகிறது.
ஓட்டுநர் பூரெவ்தாஷ் ஒவ்வொரு பிரிவிலும் இறங்கி
குதிரை விட்டையைக் காலால் புரட்டி
மூக்கைச் சொரிந்து
மறுபடி ஏறுகிறார்.

யாரோ ஒருவர் கணக்கிலிருந்து
நாற்பது லட்சம் துக்ரிக் போய்விட்டது.
எடுத்த எண்ணுக்குக் கோப்பு காட்டிய இடம்
வடக்கு நாற்பத்தாறு, கிழக்கு நூற்றைந்து.
புள்ளிக்குப் பின்னால் ஒன்றுமில்லை.
அப்போதே யோசித்திருக்க வேண்டும்,
திருடர்கள் இவ்வளவு சுத்தமான எண்ணில்
குடியிருப்பதில்லை.

கம்பளி போர்த்திய வட்ட வீடு, கதவு தெற்கே பார்த்து.
இருநூறு ஆடு. ஒரு சூரியத் தகடு.
"நாயைப் பிடியுங்கள்!" என்று கத்தினான்,
அங்கே வணக்கம் அப்படித்தான்.
டோல்கோர்சுரேன் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.
"நீ நாலாவது ஆள்."

முதல் ஆள் போலீஸ்.
அடுத்தவன் தொலைந்த கைபேசியைத் தேடி
ஆட்டுப்பட்டியைக் கிளறினான்.
பிறகு ஒரு பெண்,
ராத்திரியில் அசிங்கமாய் எழுதுகிறவனை
ஓர் அறை அறைவதற்கென்றே அவ்வளவு தூரம் வந்தவள்.
அழுதாள், தூங்கினாள்,
காலையில் இரண்டு குட்டிகளுக்குப் பால் புகட்டிவிட்டுப் போனாள்.
"குளிர்காலத்தில்தான் நாங்கள் இங்கே.
கோடையில் வந்தவர்கள் யாரைப் பிடித்தார்களோ."

உப்புப் போட்ட பால்தேநீர். அவன் விளக்கினான்.
ஊர் தெரியாமல் நாடு மட்டும் தெரிந்தால்
கோப்பு நாட்டின் நடுவில் ஒரு முள் குத்திவிடும்.
முள் உங்கள் கூரைமேல்.
"ஊர் தெரியாதவர்கள் எல்லாரும் என் வீட்டிலா?"
"ஆமாம்."
"எத்தனை பேர்?"
தேடிப் பார்த்தான். மூன்று லட்சத்துச் சொச்சம்.
அவள் பானைக்குள் எட்டிப் பார்த்தாள்.

பிறகு பெட்டியைத் திறந்து ஒரு தாள் எடுத்தாள்,
பள்ளி ஆசிரியை அச்சிட்டுக் கொடுத்தது.
மகன் உச்ரால் எழுதியிருக்கிறான்:
இஞ்சோனில் வேலை, நல்ல சம்பளம், இங்கே பனி குறைவு.
மேலே யாரும் படிக்காத வரிகள்,
அதற்குள் ஓர் எண்.
"எந்தத் தெரு என்று சொல்லேன்.
நான் போகப் போகிறேனா என்ன. தெரிந்தால் போதும்."

இருநூற்று மூன்று. சுழியம்.
நூற்றுப் பதின்மூன்று. எழுபத்தேழு.
கடலோரம் போகவில்லை எண்.
வலம், வலம், இடம், இடம் என்று நடந்து
வடக்கு நாற்பத்தாறு,
கிழக்கு நூற்றைந்து.

திரையை எட்டிப் பார்த்த பூரெவ்தாஷ்
வெளியே போய்ச் சக்கரத்தை உதைத்தார்.

"இங்கே என்கிறது."
"எங்கே?"
"இங்கே. இந்த வீடு."
அவள் திரும்பிப் பார்த்தாள்.
கட்டில், சேணம், பெட்டிமேல் சட்டமிட்ட படம்.
"அப்போது கொரியா இல்லையா?"
"இந்த நாட்டுக்குள் எங்கோ. பிழை எல்லை
ஆயிரம் கிலோமீட்டர்."
"பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடும்போதும்
அவன் அவ்வளவு தூரம்தான்," என்றாள்,
சிரித்தாளா என்று புகையில் தெரியவில்லை.

தாளைப் பழைய மடிப்பிலேயே மடித்துக் கொடுத்தான்.
வங்கித் தாள் அவன் சட்டைப்பையில் இருந்தது.
எடுத்து ஒப்பிடவில்லை.
எண்கள் தனக்கு மனதில் நிற்பதே இல்லை என்றான்
வண்டியில், பூரெவ்தாஷ் கேட்காமலே.

கிளம்பும்போது கதவுக்கு வெளியே வந்து கத்தினாள்:
"ஏப்ரலில் வடக்கே போகிறோம்,
உன் கோப்பில் மாற்றிக்கொள்!
வருகிறவர்களுக்கு
இங்கே தேநீர் இருக்காது."